ஈறில் விழுந்த நீலக்கோடு

போளூர் பேட்டரிக் கடையில் ஈயம் உருகும் நெடி. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நான் சிறுமியாயிருந்தபோது, மலைமேல் புதூர்நாட்டில் அப்பா பழைய பேட்டரித் தகடுகளை உருக்கி, பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கிகளுக்குக் குண்டு வார்ப்பார். அம்மா சாமை வறுக்கும் சட்டியில்தான் உருக்குவார். உருண்டு தொலையாமலிருக்கக் குண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அரத்தால் தேய்ப்பார்.

அவர் ஈறில் நீலக்கோடு விழுந்தது.

"இன்னாய்யா, நாவப்பழம் துன்னியா?" என்று அம்மா சிரித்தாள்.

அடுத்த மழைக்குள் அவர் மணிக்கட்டு தொங்கிவிட்டது. வயிற்றுவலியில் சுருண்டவரைச் செங்கத்துக்குக் கொண்டுபோனோம். ஈறைப் பார்த்த டாக்டர், "ஈய விஷம்" என்றார்.

"சட்டியக் கழுவிட்டுத்தாங்க வறுத்தேன்" என்ற அம்மா, சட்டென என் உதட்டை விரித்துப் பார்த்தாள்.

"ஐயோ, இவளுக்கும் இருக்குதுங்க!"

கடை வாசலில் என் நாக்கு தானாக ஈறைத் தடவிக்கொண்டிருந்தது.