மழையில் நின்றுபோன ஊற்று

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில் மலையேறுகிறவள் நான். பாதி வழியில் ஒரு பாறை ஊற்று உண்டு, கோடையிலும் வற்றாது. எல்லா ஜீப்பும் அங்கே நின்று குடிதண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே போகும்.

கார்த்திகையில் நான்கு நாளாக விடாத மழை. அன்று காலை ஊற்றில் ஒரு சொட்டு வரவில்லை. இவ்வளவு மழையில் ஊற்று எப்படி நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேன் காலியாக இருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

நாங்கள் கிளம்பும்போது பின்னால் அடுத்த ஜீப் வந்து நின்றது. என்னோடு காய் பறிக்கும் செல்வியக்கா கேனோடு இறங்கினார்.

"ஏத்தா, தண்ணி வருதா?"

"வரலக்கா. மண்ணு அடைச்சிருக்கும். குச்சிய விட்டுக் குத்திப் பாருங்க."

இரண்டு வளைவு தாண்டியிருப்போம். லாரி கல்லைக் கொட்டுவது போலச் சத்தம். திரும்பி ஓடினோம். ஊற்று இருந்த இடத்தில் மலை சரிந்து சேறும் வேரோடு சாய்ந்த மரங்களும் கிடந்தன. ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அக்காவை மறுநாள்தான் எடுத்தார்கள்.

"தண்ணி வெளிய வர வழியில்லாம மலைக்குள்ளயே தேங்கிருச்சும்மா. ஊத்து நின்னப்பவே ஓடியிருக்கணும்" என்றார் மண் அள்ள வந்தவர்.

இப்போது மழை நாளில் வழியில் எந்த ஊற்று நின்றாலும் கலங்கினாலும் ஜீப்பைத் திருப்பச் சொல்கிறேன். பின்னால் வரும் ஜீப்பையும் மறிக்கிறேன். வேலை கெடுகிறது என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.

குச்சியை விட்டுக் குத்தச் சொன்னது நான்தான் என்று அக்கா வீட்டாருக்கு இன்னும் தெரியாது. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.