வேலம்மா வைத்த மஞ்சள்

வேலம்மா அக்கா ஓர் அறைக்குள் போனால் முதலில் கட்டில் பக்கம் திரும்பமாட்டார். நேரே குளியலறைக்குப் போய், தங்கியிருந்தவர் துண்டை எப்படி விட்டுப் போயிருக்கிறார் என்று பார்ப்பார். கம்பியில் மடித்துத் தொங்கினால், "இந்தம்மா வீட்டுல எல்லா வேலையும் இவங்களே செய்யறாங்க, பாவம்" என்பார். ஈரத்தோடு தரையில் சுருண்டு கிடந்தால், "தொரைக்கு வீட்டுல ஆயா இருக்குலா" என்று சிரித்துக்கொண்டே குனிந்து எடுப்பார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

கோலசிலாங்கூரில், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருபத்து நான்கு அறைகள் கொண்ட ஓட்டல் அது. அக்கா அங்கே அறைகளைச் சுத்தம் செய்பவர். நான் துணி அறைக் கிளார்க். துண்டுகளும் விரிப்புகளும் என் கையிலிருந்து அறைகளுக்குப் போய், என் கைக்கே திரும்பி வரும். எந்தத் துண்டை எங்கே, எந்த மடிப்பு வெளியே தெரிய வைக்க வேண்டும் என்று இங்கிலீஷிலும் மலாயிலும் ஓர் அட்டையில் டைப் செய்து சுவரில் ஒட்டியவள் நான். அந்த அட்டையில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் வந்து தங்கியவர்கள் யாரும் அட்டையைப் பற்றிப் பேசவில்லை. "அந்த இந்திய அம்மா எங்கே?" என்றுதான் கேட்டார்கள்.

எனக்கு அவர்மேல் பொறாமை இருந்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

அவர் பிறந்தது புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், கூலிகள் குடியிருந்த வரிசை வீடான லயத்தில். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார். பதினைந்து வயதில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போனார். பத்தொன்பதில் லோரி ஓட்டும் செல்லனைக் கட்டிக்கொண்டார். ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நடத் தொடங்கியபோது தோட்டத்தில் வேலை குறைந்தது. ஓட்டலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். அப்போது இரண்டு பிள்ளைகள்.

முதல் வாரமே தப்புச் செய்தார். குளியலறைத் தரையில் விரிக்கும் கால்துண்டை முகத்துண்டுகளோடு சேர்த்துக் கம்பியில் அடுக்கிவிட்டார். இவ்வளவு கெட்டியான, அழகான துண்டைக் காலில் போட்டு மிதிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம். இதை அவரேதான் புது ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "எங்க லயத்துல ஒரு துண்டுக்கு ஆறு பேரு. இங்க ஒரு ஆளுக்கு நாலு துண்டு. கொழம்பாதா பின்ன?"

நான் செய்த தவறுகளை இப்படி ஊர் கேட்கச் சொல்லிச் சிரிக்க எனக்கு வராது.

பன்னிரண்டாம் எண் அறைக்கு மாதம் ஒருமுறை பினாங்கிலிருந்து ஒரு பெரியவர் வருவார். அவருக்கு இடது கை விளங்காது. துண்டுக் கம்பியோ இடது பக்கச் சுவரில் இருந்தது. அக்கா யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியை வலது பக்கம் நகர்த்தி, அதன் முதுகில் துண்டைப் போட்டு வைத்தார். பெரியவர் அடுத்த முறை வரும்போது அக்காவுக்கென்று ஒரு டின் பிஸ்கட் கொண்டுவந்தார். அக்கா அதை எல்லோருக்கும் பங்கு வைத்தார். எனக்கும் இரண்டு வந்தது. நான் தின்னவில்லை. மேசைமேல் வைத்தபடியே விட்டேன். மறுநாள் எறும்பு மொய்த்தது.

இன்னொரு தடவை, கிள்ளான் துறைமுகத்துக்கு வந்த உல்லாசக் கப்பலில் அறைகளைக் கவனிக்கும் பிலிப்பினோக்காரர் ஒருவர் எங்களிடம் இரண்டு நாள் தங்கினார். கப்பலில் பயணிகளுக்குத் துண்டை மடித்துக் கட்டிலில் அன்னம்போல் நிறுத்தி வைப்பாராம். எங்களுக்கும் சொல்லித் தந்தார். என் அன்னத்தின் கழுத்து மூன்று முறை சாய்ந்தது. அக்காவுடையது முதல் தடவையே நிமிர்ந்து நின்றது.

"ஒன் வாத்துக்குக் காய்ச்சலு தங்கச்சி. படுத்துக்கட்டும், விடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை துணி அறையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு பதினோரு முறை மடித்துப் பார்த்தேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு ஆவணியில் எங்கள் சூப்பர்வைசர் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனாள். அந்த வேலைக்கு மேனேஜர் இரண்டு பேரை யோசிப்பதாகப் பேச்சு வந்தது. ஒன்று வேலம்மா அக்கா, இன்னொன்று நான். வேலையோடு ஓட்டலுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடும் கிடைக்கும். அக்காவின் லயத்தை இடிக்கப்போகிறார்கள். தீபாவளிக்குள் காலி செய்யச் சொல்லித் தோட்டத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். அந்த வீடு இல்லையென்றால் பிள்ளைகளோடு தொலைவில் ராசா என்ற ஊரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும், ஓட்டல் வேலையும் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு வீடு தேவையில்லை. என் அப்பா அம்பிகைபாகன், ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு டவுனில் சொந்த வீடு. ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா வேறு கேட்டார்: "படிச்ச பிள்ளை நீ. லயத்துப் பொம்பிளைக்குக் கீழ நிண்டு வேலை செய்யப் போறியோ?"

அந்தக் கேள்வி எனக்குள் ஏற்கெனவே இருந்ததுதான்.

அந்த வாரக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண ஜோடி வந்தது. மாப்பிள்ளை தனபாலனுக்கு அவர் ஆபீஸ் நண்பர்கள் ஓர் இரவு ஓட்டல் அறையைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். பிற்பகல் நான்கு மணிக்கு மாலையும் கழுத்துமாய் இறங்கினார்கள். அறையைப் பார்த்துவிட்டுப் போக மாப்பிள்ளையின் அம்மா லீலாவதியும் பழத்தட்டோடு கூட வந்தார். வாசலைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாம்மா இது? கட்டிலு வெள்ள, தலகாணி வெள்ள, துண்டு வெள்ள! கல்யாணப் பொண்ணு படுக்கற எடமா, பொணம் கெடத்தற எடமா?"

கூடுதல் துண்டுகளோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "ஓட்டல்ல எல்லாமே வெள்ளைதாங்க. அதுதான் ரூல்," என்றேன்.

"ரூலா? ஒங்க ரூலுக்கா எம்மவன் தாலி கட்டுனான்?"

"அம்மா, சும்மா இரும்மா. மானம் போவுது," என்றார் தனபாலன். பெண்ணின் கண்ணில் மை கரையத் தொடங்கியது.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். "கோவிச்சுக்காதீங்கக்கா. புதுத்துணி எடுத்தா நாம என்னா செய்வோம்? ஓரத்துல மஞ்ச வெச்சுத்தானே உடுத்துவோம்? அஞ்சு நிமிசம் குடுங்க."

சமையல்கார ரெங்கசாமியிடம் போய்ச் சின்னத் தட்டில் மஞ்சள் தூளைக் குழைத்துக்கொண்டு வந்தார். விரலில் தொடுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, நனைச்சு வெய்யில்ல போட்டா போயிரும்ல?"

"போயிரும்க்கா," என்றேன்.

விரிப்பின் நான்கு மூலை, தலையணை உறை, பெரிய துண்டு, கைத்துண்டு, முகத்துண்டு என்று ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்தார். லீலாவதி குளியலறைத் தரையைக் காட்டினார். "அதுக்கு?"

"அது காலு தொடைக்கறதுங்கக்கா. அதுலயும் மஞ்ச வெச்சா மகாலெச்சுமி நம்மள மிதிச்சுப்புடுவா."

லீலாவதி சிரித்துவிட்டார். பெண்ணும் சிரித்தாள். தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு முழம் கிள்ளி லீலாவதி தன் கையாலேயே அக்காவின் கொண்டையில் செருகினார். பிறகு என்னைப் பார்த்து, "வழிய விடும்மா" என்றார்.

திங்கட்கிழமை அக்காவுக்கு விடுமுறை. சலவை பார்க்கும் சீனர் ஆ கியோங் அந்தத் துணிகளைச் சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் முக்கினார். மஞ்சள் சோடாவில் பட்டால் சிவந்துபோகும். கல்யாண வீட்டுத் துணி துவைத்த எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. இரத்தம் என்று பயந்து காக் ஜமிலாவைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் உட்பட அறை வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவர் அவர்; காக் என்றால் மலாயில் அக்கா. மேனேஜரும் அந்த நேரம் பார்த்து அங்கே வந்தார்.

"இது என்ன? வந்தவர்கள் செய்ததா, நம் ஆட்கள் செய்ததா?" என்று காக் ஜமிலா என்னிடம் கேட்டார்.

"வேலம்மா மஞ்சள் வைத்தார்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஏன் வைத்தார் என்று சொல்லவில்லை. வெயிலில் போட்டால் போய்விடும் என்றும் சொல்லவில்லை. அக்கா என்னைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார் என்பதையும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓட்டல் துணியைக் கறையாக்கினால் எச்சரிக்கைக் கடிதம். கடிதம் வாங்கியவருக்கு அந்த வருடம் பதவி உயர்வு கிடையாது. கடிதத்தை டைப் செய்ய வேண்டியவள் நான். இங்கிலீஷில் ஒன்று, மலாயில் ஒன்று. மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குப் போனார். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து புது சூப்பர்வைசரை அறிவிப்பதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை அக்காவுக்குக் கடிதத்தைப் படித்துச் சொன்னதும் நான்தான். நின்றபடியே கேட்டார்.

"நீ அங்கதானே நின்ன? சொல்லலையா?"

"கேக்கலைக்கா."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு காக் ஜமிலாவிடம் போய்த் தனக்குத் தெரிந்த மலாயில் நடந்ததைச் சொன்னார். "கூட இருந்த கிளார்க் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. மேனேஜர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது," என்றார் காக் ஜமிலா. அக்கா என்னைக் கூப்பிடவில்லை, வாதாடவும் இல்லை. கறைபட்ட துணிகளை அள்ளிக்கொண்டுபோய் நல்ல தண்ணீரில் அலசி, சமையற்கட்டுக்குப் பின்னால் புல்லில் விரித்தார். காயக் காயத் தண்ணீர் தெளித்தார்.

துணி அறை ஜன்னலிலிருந்து இரண்டு நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அறைகளில் வேலையாக இருக்கும்போது ரெங்கசாமி வந்து தண்ணீர் தெளித்தார். "வேலம்மா, ஒன் துண்ட பரோட்டா மாதிரி பொரட்டிப் போடணுமா, ஒரு பக்கம் வெந்தா போதுமா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். "மொறுமொறுன்னு வேணும், நெய்ய ஊத்துங்க!" என்று மேலேயிருந்து பதில் வந்தது. ஆ கியோங் தப்புத் தன்னுடையது என்பதுபோல ஒவ்வொரு மூலையாகத் திருப்பி வைத்தார். காக் ஜமிலாகூட ஒருமுறை வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடிதம் வாங்கியவர் அவர். ஆனால் எல்லோரும் நின்றது அவர் பக்கத்தில். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை கிடைத்தாலும் என்னோடு வந்து இப்படி நிற்க ஒருவர்கூட இருக்கமாட்டார் என்று அப்போது தெரிந்தது. பாவம் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்தது என்று எழுதினால் பொய். அந்தப் புல்வெளிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லையே என்றுதான் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா துணிகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "சரியா இருக்கான்னு பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சி என்று சொல்லவில்லை. மூலை மூலையாகப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை.

மெஷினில் தாளைச் செருகி, ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததையும் சொன்னதையும், திங்கட்கிழமை சொல்லாததையும் டைப் செய்து காக் ஜமிலாவிடம் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார்.

"இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது."

"இப்போது வேண்டாமா?"

"இப்போதும் வேண்டும்," என்றேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்தார். வேலம்மா அக்கா சூப்பர்வைசரானார். ரெங்கசாமி அன்று எல்லோருக்கும் கேசரி கிண்டினார். என் பங்கை நான் தின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லன் அண்ணன் லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து பின்வாசலில் நிறுத்தினார். சாவிகள் என் பொறுப்பில் இருந்தன. வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை.

"ஒனக்கு இந்த வேல அவ்ளோ வேணும்னு இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா. நேருக்கு நேரு சண்ட போட்டிருப்போம். யாராச்சும் ஒருத்தி ஜெயிச்சிருப்போம்." சாவியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "நீ சொல்லாம நின்னது எனக்கு அன்னைக்கே தெரியும். ஒன் மூஞ்சியப் பாத்தேன்ல. எழுதிக் குடுத்ததையும் காக் ஜமிலா சொன்னாங்க. ரெண்டையும்தான் நான் ஞாபகம் வெச்சுக்குவேன். நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரு, லேட்டாவாத."

"சரிக்கா."

கதவு ஈரத்தில் உப்பிப் போயிருந்தது. தோளால் ஒரு தள்ளுத் தள்ளித் திறந்தார். பிள்ளைகள் அவரை முந்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஆற்றைப் பார்த்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டை நான் முன்பே இரண்டு முறை வந்து பார்த்திருந்தேன். அந்த ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை வாங்க வேண்டும் என்றும் நினைத்து வைத்திருந்தேன். அக்கா ஒரு பழைய சிவப்புச் சேலையை இரண்டாகக் கிழித்து, ஆணியடித்துக் கட்டினார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.