செண்பகத்தின் லேப்டாப்பைக் கொன்றவன்

என் மனைவி செண்பகத்தின் லேப்டாப்பைக் கொன்றவன் நான்தான். இரண்டு வருடமாக இதை மறைத்து வைத்திருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அவள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளின் சொற்கள்தான் பொருள். விளாத்திகுளம், எப்போதும்வென்றான் என்று ஊர் ஊராக வண்டியில் அலைந்து, மந்தைக்குப் பின்னால் நடந்து சேர்த்த சொற்கள் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் கிடையாது.

ஐப்பசியில் ஒருநாள் காலை அவள் கல்லூரிக்குப் போனதும், தொடவே கூடாது என்று அவள் சொல்லியிருந்த அந்த லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்துக் கபடி பார்த்தேன். திறந்தபடியே போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். மழை! திரும்பி வந்தால் கீபோர்டு முழுக்கத் தண்ணீர்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம் அல்லவா? நான் தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி. குச்சி நனைந்தால் என்ன செய்வோம்? வெயிலில் பரப்புவோம்! மழை விட்டு வெயில் வந்ததும் லேப்டாப்பை மொட்டைமாடியில் காயப் போட்டேன். மேல் ஈரம் போனதும் மேசையில் வைத்துச் சார்ஜரைச் செருகினேன். டப்பென்று ஒரு சத்தம்... அவ்வளவுதான். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டேன்.

மாலையில் வந்து பார்த்த செண்பகம், காலையில் தானே சார்ஜரை எடுக்க மறந்ததால்தான் லேப்டாப் எரிந்துபோனது என்று நினைத்து அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு!

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜமால் பாய், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, போர்டு எரிந்திருக்கும், மெமரியும் அதிலேயே ஒட்டியிருக்கிற மாடல், புதிது வாங்குவதுதான் மேல் என்றார். திரும்பும் வழியில் செண்பகம் சொன்னாள்:

"புதுசே வாங்கிருவோம்ங்க. மொதல்லருந்து மறுபடி கிடை கிடையா போறேன். எந் தப்புதான..."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் தனியாகப் போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், மொட்டைமாடி உட்பட. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தண்ணி பட்டுச்சுன்னு நேத்தே சொல்லியிருந்தா அதுக்குத் தக்கன பாத்திருப்பேன்லா. வச்சிட்டுப் போங்க, பாக்குதேன்."

பிரித்துக் கழுவி, துருப்பிடித்த இடங்களைச் சுரண்டி, கருகியதை மாற்றி... ஐந்தாம் நாள் திரை ஒளிர்ந்தது! ஒரு சொல்கூடச் சாகவில்லை! கடையில் நின்றே கைதட்டினேன். வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது என் கால் தரையில் படவில்லை.

தெருவே கொண்டாடியது. தூரப் போடச் சொன்ன பொருளை விடாப்பிடியாக மீட்டவன் அல்லவா நான்! என்னை ஒருநாளும் மெச்சாத மாமியார்கூட மெச்சினார். உண்மையைச் சொல்ல அன்றைக்கு எத்தனை வாய்ப்பு... நானோ மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு! ஆனால் அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, நம்புங்கள்.

சென்ற மாதம் செண்பகம் முனைவரானாள். வீடு கொள்ளாத கூட்டம், கீதாரிகளும் வந்திருந்தார்கள். அவள் ஆய்வேட்டில் நன்றியுரைப் பக்கத்தை விரித்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சத்தமா வாசிங்க."

'என் கவனக்குறைவால் அழிய இருந்த இந்த ஆய்வை மீட்டுத் தந்த என் கணவருக்கு...'

வாசித்தேன். குரல் பிசிறாமல், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்த ஆய்வேட்டின் ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்விட்டது. என் கவனக்குறைவு அங்கே அவள் பெயரில் இருக்கிறது.