கதிரையில் சுற்றிய கம்பி

என் மகள் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கப் போன வருடம், வெள்ளிக்கிழமைதோறும் பஸ்ஸில் மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை மழை விடவேயில்லை. அவள் வரும் வழியில், இறம்பொடையில் மண் சரிந்து பஸ்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றனவாம் என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. வானொலி இருந்தது. மலைகளுக்கு நடுவே அதில் தெளிவாகக் கேட்பது இரைச்சல் மட்டுமே.

நான் விஞ்ஞான ஆசிரியை. அழுதால் மரியாதை போய்விடும் என்று ஏரியல் செய்ய உட்கார்ந்தேன். ஒரு சட்டத்தில் கம்பியைப் பல சுற்றுச் சுற்றிப் பக்கத்தில் வானொலிப் பெட்டியை வைத்தால் மத்திய அலை தெளிவாகும் என்று வகுப்பில் எத்தனையோ முறை படம் வரைந்திருக்கிறேன். ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. முதலில், இரைச்சல் குறையட்டும் என்று பெட்டியை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தேன். இருந்த இரைச்சலும் செத்தது. பிறகு சாப்பாட்டு மேசையின் மரக் கதிரை ஒன்றின் முதுகில் கம்பியைச் சுற்றினேன். ஏழு, எட்டு என்று எண்ணும்போது பஸ் நினைவுக்கு வரும்; திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

"டீச்சரம்மா, கதிரைக்குச் சேலை கட்டி முடிஞ்சிச்சா?" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

கதிரையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். முன்கதவை ஒட்டி வைத்தபோது, செய்தி வாசிப்பவர் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. அசைந்தால் போய்விடும் என்று கதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வீதி நிலவரம் தொடங்கியது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க!"

மறுபடியும் தட்டல்.

"சத்தம் போடாதீங்க, நியூஸ் போகுது!"

"அம்மா, நான்தாம்மா! நனைஞ்சிட்டேன், தொறங்க."

கணவர் ஓடிவந்து கதவை இழுத்தார். கதிரையும் நானும் தடுத்ததில் ஒரு சாண்தான் திறந்தது. அதில் என் மகளின் ஈர முகம். அந்த முகத்தைப் பார்த்து நான் சொன்னது:

"இறம்பொட ரோட்ட மூடிட்டாங்களாம்."

"தெரியும்மா. எங்க பஸ் தாண்டினதும்தான் மண்ணு வந்துச்சு. பின்னால பார்த்தேன்."

கதிரையை விடச் சொன்னார்கள், விரல்கள் விடவில்லை. கணவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார், கேலி செய்யாமல்.

வீதி திறந்ததும் அவள் அதே வழியால் வேலைக்குத் திரும்பினாள். நான் அடுத்த வெள்ளிக்கிழமைக்காகக் கதிரையில் இன்னும் பத்துச் சுற்றுக் கூட்டினேன்.