அம்சவேணி அளந்த தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலாம் வருஷம் பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, மேனேஜர் காசிநாதன் ஒரு சர்க்கார் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டு ஷெட்டாகச் சுற்றினார். ஆம்பூருக்கு வெளியே பாலாற்றுப் பக்கமாக இருந்த தோல் கம்பெனி அது. தினம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறீர்கள், அதில் என்னென்ன கலக்கிறீர்கள், கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுகிறீர்கள் என்று இனிமேல் எழுதிக் காட்ட வேண்டும் என்றது கடிதம். அதைக் கற்றுக்கொள்ள மெட்ராஸில் பத்து நாள் பயிற்சி. கம்பெனிக்கு ஓர் ஆள் வரலாம்.

ஒரு ஃபோர்மேனுக்குத் தங்கச்சி கல்யாணம். இன்னொருவருக்கு ஒடுகத்தூரில் நெல் அறுப்பு. காசிநாதனுக்கு மெட்ராஸ் தண்ணீரே ஒத்துக்கொள்ளாது. கடைசியில் அவர் லேபுக்கு வந்தார்.

“அம்சவேணி, நீ போய்ட்டு வந்துடேன். சும்மா ஒரு கையெழுத்துக்குத்தான். இன்னா சொல்றே?”

அம்சவேணிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. குடியாத்தத்தில் லுங்கி நெய்த பக்தவச்சலத்தின் மூத்த பெண். பி.யு.சி. வரை படித்துவிட்டு எழுபத்து மூணில் இங்கே லேபில் சேர்ந்தவள். லேப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஷெட்டை ஒட்டி ஓர் அறை, ஒரு மேஜை, நாலு கண்ணாடிக் குடுவை, ஒரு பம்ப் ஸ்டவ். பதம் பண்ணிய தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, சுருங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சுருங்கியது, சுருங்கவில்லை. அதற்கு மேல் யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை.

“போறேன் சார்” என்றாள். சொன்ன பிறகுதான் வீட்டில் கேட்கவில்லையே என்று ஞாபகம் வந்தது.

வீட்டுக்காரர் சம்பத் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். “பத்து நாள்தானே, பாப்பாவை நான் பாத்துக்கறேன், போய்ட்டு வா” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே சோறு வடிக்கப் பழகிக் கையைச் சுட்டுக்கொண்டார்.

அந்தப் பத்து நாளை அம்சவேணி பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். லேடீஸ் ஹாஸ்டலில் ஜன்னலோரக் கட்டில். காலையில் கேட்கும் மின்சார ரயிலின் ஊதல். இருபத்தாறு பேர் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். ‘சுற்றுச்சூழல் தணிக்கை’ என்ற பேரெல்லாம் அப்போது அவர்கள் காதில் விழவில்லை. உள்ளே வருவதை எழுது, வெளியே போவதை எழுது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் எங்கேயோ தேடு. பாடம் அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுத்த கிருஷ்ணராஜ் அவளைவிட ஐந்து வயது சின்னவன். நாலாம் நாள் பல்லாவரம் பக்கம் ஒரு தோல் கம்பெனிக்கு அழைத்துப் போனான். சுண்ணாம்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று அங்கிருந்த மேஸ்திரியைக் கேட்டாள் அம்சவேணி. அவர் சொன்னதை அழகாக எழுதிக்கொண்டு வந்து காட்டினாள்.

“மேடம், இது நீங்க பாத்ததா, அவர் சொன்னதா?”

“அவர் சொன்னதுதான்.”

“மூட்டை எங்க இருக்குன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. மற்றவர்கள் முன்னால் முகம் சிவந்துபோயிற்று. அன்று ஹாஸ்டலில் உட்கார்ந்து நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு போட்டாள். இடது பக்கம் ‘பார்த்தது’. வலது பக்கம் ‘கேட்டது’. பத்தாம் நாள் ஊருக்குத் திரும்பும்போது இடது பக்கம்தான் நிரம்பியிருந்தது.

ஆம்பூரில் யாருக்கும் அதில் அக்கறை இல்லை. “ஏதாவது ஒரு நம்பர் போட்டு அனுப்பிடும்மா” என்றார் காசிநாதன்.

“பாக்காம எப்படி சார் போடறது?”

“இத்தனை வருஷம் பாத்தா போட்டோம்?”

மறுநாள் அவள் சம்பத்தின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு சாக்பீஸும் நோட்டுமாக ஷெட்டுக்குள் இறங்கினாள்.

டிரம் ஷெட்டு தனகோடி மேஸ்திரியின் ராஜ்யம். நாற்பத்தைந்து வயது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸு, சிரித்தால் ஷெட்டு அதிரும். லேபில் உட்காரும் பொம்பளை டிரம் பக்கத்தில் வந்து நிற்பதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

“இன்னா வேணிம்மா, எங்களை வேவு பாக்கச் சொல்லிட்டாங்களா?”

“ஆளைப் பாக்கலண்ணா, தண்ணியைத்தான் பாக்கறேன். ஒரு டிரம்முக்கு எவ்ளோ வுடறீங்க?”

“தோல் எடைக்கு மூணு பங்கு. ஒரு சொட்டு ஜாஸ்தி இல்ல.”

அதை வலது பக்கத்தில் எழுதிக்கொண்டு அங்கேயே நின்றாள். டீ மணி அடித்தது. ஆட்கள் கிளம்பிப் போனார்கள். தரையில் கிடந்த ரப்பர் ஹோஸிலிருந்து தண்ணீர் சளசளவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு வாளியை வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தாள். தனகோடி வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது நோட்டை நீட்டினாள். இருபது நிமிஷம், நூற்றிருபது வாளி.

அவர் ஹோஸைப் பார்த்தார். “அட பேஜாரே” என்றார். அடுத்த நாள் டீக்கு மணி அடித்ததும் ஷெட்டு முழுக்க ஒரு சத்தம் கேட்டது. “டேய், குழாயை மூடிட்டுப் போங்கடா! அம்மா வாளி வெச்சிருக்காங்க!” அதற்கப்புறம் தனகோடி அவள் பக்கம். எந்தத் தொட்டி எவ்வளவு ஆழம், எந்த வால்வு ஒழுகும் என்று கேட்காமலே வந்து சொன்னார். சொன்னதையெல்லாம் அவள் போய்ப் பார்த்தாள். அவருக்கு அதில் கோபம் வரவில்லை.

வெளியே போகிற தண்ணீரை அளப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தகடு வைத்து, அதில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி வெட்டினால், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வழிகிறது என்பதை வைத்து அளவு சொல்லிவிடலாம். சம்பத் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா உட்கார்ந்து தகடு வெட்டிக் கொடுத்தார். சுண்ணாம்பு ஷெட்டு வாசலில் அதை வைத்தாள். அரை மணியில் தண்ணீர் எதிர்த்து ஏறி, ஷெட்டு முழுக்க வெள்ளைச் சேறு. முப்பது பேர் சுற்றி நின்று சிரித்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் சேர்ந்து கழுவினாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள். “தகடு சரியாத்தான் இருக்குது, வெச்ச இடம்தான் தப்பு” என்றார் சம்பத். யோசித்துப் பார்த்தால் அதுதான் நிஜம். கம்பெனிக் கழிவெல்லாம் பழைய குழி ஒன்றில் தேங்கி, அது நிரம்பி வழிந்து மதில் ஓட்டை வழியாக வெளியேறும். அந்த ஓட்டையில் தகட்டை வைத்தாள். நின்றது.

சித்திரை, வைகாசி இரண்டு மாசமும் அளந்தாள். கம்பெனிக் கிணற்றிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் ஏறுகிறது. மதில் ஓட்டையில் எழுபத்தையாயிரம்தான் போகிறது. தோல் குடித்தது, ஆவியானது எல்லாம் போனாலும் இருபதாயிரம் லிட்டரைக் காணோம். தினமும் காணோம். தான்தான் தப்பு செய்கிறோம் என்று நினைத்து முதலிலிருந்து மறுபடி அளந்தாள். மறுபடியும் அதே இருபதாயிரம்.

கம்பெனி மதிலுக்குப் பின்னால் தொழிலாளர் லைன் வீடுகள். அங்கே அக்தரி பேகத்தை எல்லோரும் ஆபா என்பார்கள். அக்கா என்று அர்த்தம். தோல் கத்தரித்து உலர்த்தும் பகுதியில் வேலை செய்தவள். ஒருநாள் மத்தியானம் அம்சவேணி சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆபா சலித்துக்கொண்டாள்.

“லைன் கெணத்துத் தண்ணில பருப்பு வேகவே மாட்டேங்குது வேணி. ரெண்டு வருஷமா பருப்புக்கு மட்டும் தனியா ரெண்டு தெரு தள்ளிப் போய் தண்ணி தூக்கறேன்.”

அம்சவேணியின் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது.

அன்றே அந்தக் கிணற்றிலிருந்து ஒரு குப்பித் தண்ணீர் எடுத்து லேபில் உப்புச் சோதனை செய்தாள். தெரு தள்ளியிருந்த கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மருந்துச் சொட்டு விழுந்ததும் அது லேசாகக் கலங்கியது. லைன் கிணற்றுத் தண்ணீர் தயிர் மாதிரி வெளுத்துத் திரண்டது. லைன் கிணற்றுக்கும் பழைய குழிக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு மதில்.

ஆனால் குழிதான் ஒழுகுகிறது என்று எப்படிச் சொல்வது? வேலை நடக்கும் நாளில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ரம்ஜானுக்குக் கம்பெனி மூன்று நாள் லீவு. கடைசி டிரம் காலியாகி வாய்க்கால் நின்றதும், குழியின் கல் சுவரில் தண்ணீர் மட்டத்தில் தனகோடி ஓர் ஆணி அடித்தார்.

“மட்டம் எறங்கினா, வெயில்ல காஞ்சிடுச்சுன்னு மேனேஜர் சொல்வாரும்மா” என்றார்.

அம்சவேணி யோசித்தாள். ஆபா வீட்டில் ஓர் அகலமான அலுமினிய அண்டா இருந்தது. “பண்டிகைக்குப் பிரியாணி இதுலதான் வேணி” என்று ஆபா தயங்கினாள். அப்புறம், “சரி எடுத்துட்டுப் போ, பக்கத்து வீட்ல கேட்டுக்கறேன்” என்றாள். அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் குழிக்குப் பக்கத்தில் அதே வெயிலில் வைத்தார்கள்.

நாலாம் நாள் காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே அம்சவேணியும் தனகோடியும் போய்ப் பார்த்தார்கள். அண்டாவில் ஒரு விரல்கடை குறைந்திருந்தது. குழியில் ஆணிக்குக் கீழே ஒன்றரை அடி. ஐம்பதடிக்கு முப்பதடிக் குழி. மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்தாள். அண்டாவில் குறைந்ததைக் கழித்தும் ஒரு நாளைக்கு இருபதாயிரம் லிட்டர் வந்தது.

தனகோடி சிரிக்கவில்லை. “நம்ம ஜனங்கதான் குடிக்கறாங்க” என்றார்.

அறிக்கையைப் படித்த காசிநாதன், குழி ஒழுகுவதை அவள் எழுதியிருந்த ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தார். “இதை மட்டும் எடுத்துடும்மா. மத்ததெல்லாம் ஃபஸ்ட் கிளாஸ்.”

“அதை எடுத்தா மத்தது எதுவும் நிஜமில்ல சார்.”

“அப்போ மொதலாளிகிட்ட நீயே குடு.”

கொடுத்தாள். முதலாளி நயீம் அகமது மெதுவாகப் பேசும் மனிதர். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் நின்றார்.

“இது எங்க அப்பா நின்னு வெட்ன குழி. தெரியுமா?”

“தெரியும் மொதலாளி.”

“அவர் பாவம் பண்ணிட்டாருன்னு எழுதியிருக்கே.”

“அப்படி எழுதல மொதலாளி. தண்ணி கொறையுதுன்னுதான் எழுதியிருக்கேன்.”

“நீ போலாம்.”

எட்டு நாள் ஒரு பேச்சும் இல்லை. லேப் சாவி காசிநாதனிடம் போய்விட்டது. அவளை ஸ்டோரில் உட்கார வைத்து ஆணி, போல்ட்டு எண்ணச் சொன்னார்கள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள். அண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஆபாவிடம் அதைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்த நயீம் அகமதுவை ஆபா தெருவிலேயே நிறுத்தி என்ன சொன்னாளோ தெரியாது. சாயங்காலம் அவர் லைன் வீடுகளுக்கு நடந்து வந்தார். பதினாறு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று விசாரித்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். மறுநாள் காலை அம்சவேணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“குழியைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். நீயும் வந்து நில்லு. பாத்து எழுது.”

தண்ணீரை இறைத்து, உள்ளே காற்றுப் படட்டும் என்று இரண்டு நாள் விட்டு, அப்புறம்தான் ஆள் இறங்கினான். லைன் பக்கத்துச் சுவரில் கற்களின் சந்து சந்தாக வேப்பமர வேர் புகுந்து நெட்டித் தள்ளியிருந்தது. ஓரிடத்தில் கையே போகும். நயீம் அகமது மேலே நின்று வெகுநேரம் பார்த்தார். “எங்க அப்பாவே வெச்ச மரம் இது” என்றார். குரலில் கோபம் இல்லை.

ஐப்பசிக்குள் குழிக்குச் சிமெண்ட் பூசியாயிற்று. தூரத்துக் கிணற்றிலிருந்து லைன் வீடுகளுக்குக் குழாய் வந்தது. அறிக்கை ஏழாம் பக்கத்தோடு சர்க்காருக்குப் போயிற்று. எல்லாம் சரியாகிவிடவில்லை. லைன் கிணறு மறுபடி இனிக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவள் சோதித்தாள். உப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. மதில் ஓட்டை வழியாகப் போனது ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டேதான் இருந்தது. அதையும் எழுதினாள்.

லேப் சாவி திரும்பி வந்தது. மறு வருஷம் வாணியம்பாடியிலிருந்து ஒரு கம்பெனி, தங்களுக்கும் வந்து அளந்து தரும்படி அவளைக் கேட்டு அனுப்பியது. அப்புறம் பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. தகட்டைச் சாக்கில் சுற்றி பஸ் மேலே போட்டுக்கொண்டு தனகோடியும் அவளும் போவார்கள். ராணிப்பேட்டை போகும் வழியில் பள்ளிகொண்டாவில் இறங்கி இட்லி. அந்த வருஷங்களை நினைத்தால் அவளுக்கு இட்லியின் சூடுதான் முதலில் வரும். ஒவ்வொரு புது கம்பெனியிலும் சந்தேகமாகப் பார்க்கும் மேஸ்திரிகள், பெரிய சிரிப்போடு முன்னால் போய் அவர்களோடு பேச்சுக் கொடுக்கும் தனகோடி, சாயங்காலம் ஈரக் காலோடு திரும்பும் பஸ்.

எண்பத்தொன்பதில் ஆபா மகளுக்குப் பேரணாம்பட்டில் கல்யாணம். பந்தியில் அம்சவேணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள், “நீ இன்னா வேலை பண்றே?” என்று கேட்டாள்.

முன்னே எல்லாம் லேபில் இருக்கிறேன் என்பாள். அன்று, “கம்பெனி கம்பெனியா போய் தண்ணி எங்க போவுதுன்னு பாக்கறேம்மா” என்றாள்.

அந்த அம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். “அப்போ எங்க தெருவுக்கு எப்ப வர்றே?”

எந்தத் தெரு, பக்கத்தில் எந்தக் கம்பெனி என்று அம்சவேணி விசாரித்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போனாள்.