அயனி வேரில் கிடக்கும் செருப்பு

செருப்பை ஒரு மரத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து அதே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கிறீர்களா? எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். கேரள எல்லையோரம் கொல்லயில் என்கிற ஊர்ப் பக்கம் எங்கள் வீடுகள் எல்லாம் சரிவில் இருக்கின்றன. அங்கிருந்து ஓர் ஒற்றையடிப்பாதை ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கி, நாங்கள் தோடு என்று சொல்லும் ஓடைக்கு வரும். மழைக்காலத்தில் பாதை முழுக்கச் செளி. சேறு என்று எழுதினால் போதாது, செளி என்றால்தான் கால் வழுக்கும். அதனால் பழைய ரப்பர் செருப்போடு இறங்குவோம். ஓடைக்கரையில் ஓர் அயனிமரம் நிற்கிறது. அதன் வேரில் செருப்பைக் கழற்றி வைத்து, வெறுங்காலோடு தண்ணீரைக் கடந்து, அக்கரையில் கால் கழுவி, பையில் இருக்கும் நல்ல செருப்பைப் போட்டுக்கொள்வோம். அங்கிருந்து தார் ரோடு, பஸ், சர்ச், அம்மா ஆயாவாக வேலை பார்க்கும் அங்கன்வாடி எல்லாம் பக்கம். அந்த வேரில் செருப்பு கிடந்தால் ஆள் வெளியே போயிருக்கிறது, திரும்பி வரும் என்று அர்த்தம். இதுவரை ஒருவர் செருப்பை இன்னொருவர் தொட்டதில்லை.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ரப்பர் தோட்டம் கை மாறியது. புது முதலாளி வளைகுடாவில் இருக்கிறார். அவருடைய சூப்பர்வைசர் வெள்ளறடை ஊர்க்காரர், பேச்சில் பாதி மலையாளம். ஒரு திங்கட்கிழமை அவர் அயனிமரத்தை ஒட்டிப் பாதைக்குக் குறுக்கே நாலு கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தார். அதோடு விட்டாரா? பாதையிலேயே அன்னாசிக் கன்றுகளையும் நட்டு வைத்தார். அன்னாசி இலையின் ஓரம் அரம் மாதிரி. அம்மா கணுக்காலெல்லாம் கீறலோடு வந்தாள்.

"இந்த வழி மூடுனா எனக்கு வேலை இல்லன்னு வச்சுக்கோ. ரோடு சுத்திப் போறதுக்கு இந்த முட்டி சம்மதிக்காது" என்றாள்.

விடுவேனா? நேரே போய் நின்றேன்.

"அண்ணே, இது என்னது?"

"கண்டா தெரியல்லியா மோளே? கைதச்சக்கை."

"வழியிலயா நடுவாவ?"

"எந்த வழி? ஆரு நடக்குதா இதிலே? எல்லா வீட்டுலயும் வண்டி உண்டு. நின்னையே டெய்லி ரோட்டுல ஸ்கூட்டர்லதானே காணுதேன்."

அது உண்மை. வேலைக்கு ரயில் பிடிக்கப் பாறசாலை ஸ்டேஷனுக்கு நான் ஸ்கூட்டரில்தான் போய்க்கொண்டிருந்தேன். உண்மை என்பதால் இன்னும் எரிச்சல் வந்தது.

"எங்க அம்மை நடக்குதாளே."

"ஒரு ஆளுக்காக்கும் ஒரு வழியோ? ஆளைக் காட்டு, கம்பியை எடுக்கியேன்."

டிகிரி படித்த மூளை உடனே வேலை செய்தது. அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்து வீடுகளில் ஏறி இறங்கி, வேண்டாத பழைய செருப்புகளை ஒரு சாக்கில் வாங்கினேன். விடிந்ததும் கொண்டுபோய் அயனி வேர் முழுக்க வரிசையாக அடுக்கினேன். பார்த்தால் சர்ச் வாசல் மாதிரி இருந்தது. வேலைக்கு இறங்கி வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"எடீ, இது என்னது, செருப்புக் கடையா?"

"சும்மா நில்லும்மா. சூப்பர்வைசரு வருவாரு, பாரு."

வந்தார். ஒரு செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்தார். அவரும் தினம் ரப்பர் தோட்டத்தில் செளி மிதிக்கிற ஆள், அதை நான் யோசிக்கவே இல்லை.

"மோளே, இந்த ஆளு பறந்தா வந்தது? அடியில ஒரு பொட்டு செளி இல்லியே. உள்ள எட்டுகாலி வலை கட்டியிருக்கு. ஆங், இந்த ஆளுக்கு ரெண்டும் இடங்காலாக்கும்!"

அவர் சிரித்ததைவிட அம்மா சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்துகொண்டே சொன்னாள்:

"செருப்பை மட்டும் கூட்டிட்டு வந்தா போதுமாடி? காலையும் கூட்டிட்டு வா."

சரி, அதையும் பார்த்துவிடுவோம். அதே சாக்கோடு வீடு வீடாகத் திரும்பப் போனேன். இந்த முறை அம்மாவும் கூட வந்தாள். "செருப்பு தந்தீங்க, இந்தா பிடிங்க. இனி ஞாயிறாழ்ச்சை காலைத் தாங்க" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். சர்ச் பாடகர் குழுவில் பாடும் பக்கத்து வீட்டு மாமி மட்டும் முகம் சுளித்தார்.

"பட்டுச் சாரியும் உடுத்திட்டு அதிலயா? கார் உண்டும்லா?"

"கார்ல போனா சர்ச்சு வந்துரும் மைனி, வழி போயிரும். ஒங்க மக்க கிளாஸுக்குப் போனது எந்த வழியாக்கும்?" என்றாள் அம்மா. மாமி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார், கதவைச் சாத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன். வந்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் பாதை நிறைகிற அளவுக்கு வந்தார்கள். நல்ல செருப்பு பிளாஸ்டிக் கவரில், சேலைக் கொசுவம் கையில். மாமி பட்டுச் சாரியை முட்டுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழுக்கிய இடத்திலெல்லாம் என்னைத் திட்டினார். கம்பிக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் குடையோடு நின்றார்.

"மொதலாளி விளிச்சா நான் என்ன பறையும்?"

"ஆளு நடக்குதாவன்னு பறை, மக்கா. நீதானே ஆளைக் காட்டச் சொன்னே?" என்றாள் அம்மா.

"அது நான் சும்மா பறஞ்சதாக்கும்."

"நாங்க சும்மா வரல்ல."

நான் கம்பியைத் தூணிலிருந்து அவிழ்த்துச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். அம்மா பாதையில் நின்ற அன்னாசிக் கன்றுகளை மட்டும் பிடுங்கி ரப்பர் மரங்களின் மூட்டில் வைத்தாள். "குத்தாத எடத்துல நடு, நல்லா காய்க்கும்" என்று ஆலோசனை வேறு. அன்று ஆராதனை தொடங்கிய பிறகுதான் நாங்கள் உள்ளே போனோம், அத்தனை பேரும் ஈரத்தோடு.

செவ்வாய்க்கிழமை கம்பி மறுபடி வந்தது. அவிழ்த்தோம். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தோம். இப்போதெல்லாம் அவர் ஒரு முடிச்சு மட்டும்தான் போடுகிறார், அதுவும் இழுத்தால் வரும் முடிச்சு. முதலாளி லீவில் வந்தால் கேஸ் கொடுப்பார் என்று பேசிக்கொள்கிறார்கள். கொடுக்கட்டும். கோர்ட்டுக்கும் இந்த வழியாகத்தான் போவோம்.

என் ஸ்கூட்டர் வீட்டில் நிற்கிறது. இதை ரயிலில் நின்றுகொண்டு டைப் செய்கிறேன். ஊரில் மழை. அயனி வேரில் என் செருப்பு அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது, அடி முழுக்கச் செளி.