அப்பா வெயிலில் பார்க்காத மஞ்சள்

மஞ்சளில் நனைத்து நிழலில் உலர்த்திய பழைய வேட்டித் துணியின் வாசனை எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். மங்களகரமான வாசனை என்பார்கள், இருக்கட்டும். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் தம்பி பிறந்தான். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாதென்று அத்தை அப்பாவின் வேட்டிகளைக் கிழித்து மஞ்சளில் முக்கினாள். அந்த 'மஞ்சத்துணி'யில் சுற்றி, உடம்பிலும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, ஒரு குண்டு பல்பின் அடியில் அவனைக் கிடத்தியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் நான் கைதவறிப் பித்தளைச் சொம்பைக் கீழே போட்டேன். தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கைகளையும் விரித்து வீறிட்டான். "கொயந்த பயந்துக்கினு அழுவுது பாரு" என்று அத்தை என் தலையில் குட்டினாள். அந்தக் குட்டு எனக்கு மறக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் அவன் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். 'சமத்து' என்றார்கள். அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "கண்ணு மஞ்சளா இருக்குதுங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். எலுமிச்சை மஞ்சள், மாம்பழ மஞ்சள், சாமந்தி மஞ்சள் என்று பிரித்துச் சொல்வதில் ஊரில் அவருக்குத் தனிப்பெயர். விளக்கு வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும் என்பார். நூலைத் தெருவெயிலில் பிடித்துப் பார்க்காமல் ஒரு நாளும் சரியென்று சொன்னதில்லை. ஆனால் தீட்டுக் கழியாமல் குழந்தை வாசல் தாண்டக்கூடாதே! பெற்ற பிள்ளையை மட்டும் அந்தக் குண்டு பல்பின் கீழேயே பார்த்தார். "துணி மஞ்ச, பூசனது மஞ்ச, பல்பும் மஞ்ச. அந்த நெறந்தான் கண்ணுல அடிக்குது. எனக்குத் தெரியாத மஞ்சளாமா?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

எட்டாம் நாள் தம்பி உடம்பை வில்லாக வளைத்துக் கீச்சுக்குரலில் கத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரத்தத்தில் 'பிலிரூபின்' ஏறிவிட்டது என்றார் டாக்டர். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள் அது. கல்லீரல்தான் அதை வெளியேற்ற வேண்டும். பச்சைக் குழந்தையின் கல்லீரலுக்கு முதல் சில நாட்கள் அந்த வேலை முழுதாகப் பிடிபடாது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே இறங்கிவிடும். அளவுமீறி ஏறினால் மூளையையும் காது நரம்பையும் பதம் பார்க்கும். தம்பியின் உயிர் தங்கியது, காது போயிற்று.

வீட்டில் யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "பொறப்புலயே அப்டிபா" என்றார் அப்பா. சொம்பு விழுந்த சத்தம் கேட்டு அவன் அழுத கதையைச் சொல்ல வாயெடுத்தால், "சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?" என்று அடக்கினார்கள். அவனிடம் மூச்சு விடக்கூடாதென்று என்னிடம் சத்தியமும் வாங்கினார்கள். எனக்கு நரை விழுந்துவிட்டது. அவர்களுக்கு நான் இன்னும் சின்னப் பெண்தான்.

போன மாதம் தம்பிக்குப் பெண் பிறந்தாள். மூன்றாம் நாள் இரத்தம் எடுத்துப் பார்த்து, பிலிரூபின் அளவு கூடியிருக்கிறதென்று, அதைக் குறைக்க நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். "காலைல வெயில்ல காட்னா போயிடும், இந்த லைட்டெல்லாம் இன்னாத்துக்கு?" என்றாள் அத்தை. வார்டென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். நர்ஸ் வந்து அதட்டினாள். மஞ்சத்துணி போயிற்று, குண்டு பல்பு போயிற்று, அந்த இருட்டறையே இடிந்து போயிற்று. இந்தப் பேச்சு மட்டும் போகவில்லை.

அளவு இறங்கி விளக்கை அணைத்த அன்று யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள். குழந்தை இரண்டு கைகளையும் விரித்து வீறிட்டாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். என்ன ஆயிற்று என்று தம்பி கையால் கேட்டான். 'தட்டு விழுந்தது, பயந்துவிட்டாள்' என்று போனில் எழுதிக் காட்டினேன். அவன் முகமெல்லாம் சிரிப்பு. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினேன்: 'மூன்றாம் நாள் நீயும் இப்படித்தான் பயந்தாய். சொம்பைப் போட்டது நான்.'

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு தலை நிமிர்ந்து, ஜன்னல் வெயிலில் பேத்தியின் இமையை விரலால் விலக்கி நிறம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தான்.